திரும்பி வந்த இருபத்தாறாயிரம்

ஆகஸ்ட் 19, திங்கள்

மூன்றாம் பீரியட் முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தபோது போனில் ஒரு மெசேஜ். என் கணக்கில் இருபத்தாறாயிரம் ரூபாய் வரவு. அனுப்பியது வருமான வரித் துறை. எனக்கு அங்கிருந்து எதுவும் வரவேண்டியதில்லை. பிப்ரவரி சம்பளத்தில் பள்ளியில் வரி பிடிப்பார்கள், அதோடு சரி. பதினோரு வருட சர்வீசில் ஒரு ரூபாய் திரும்பி வந்ததில்லை.

பக்கத்து நாற்காலி ரமாமணி டீச்சரிடம் காட்டினேன். "தொட்டுராத கோகிலா! எங்க சித்தப்பா பையன் இப்படித்தான், ரீஃபண்டு வந்திருக்குன்னு லிங்கை அமுக்கினான். நாப்பதாயிரம் போச்சு" என்றார். நான் தொடவில்லை. போனை அணைத்து பைக்குள் வைத்தேன். ஐந்தாம் பீரியடில் அமிலமும் காரமும் நடத்தும்போதுகூட மனம் அந்தப் பையிலேயே இருந்தது.

இந்த டைரி காப்பீட்டு ஏஜென்ட் ஜனவரியில் கொடுத்தது. சும்மா கிடந்தது. சந்தேகம் வந்தால் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். சோதனைக் குறிப்பேட்டைப் பற்றி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்கிறேன்: பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வங்கிக்குப் போய் பாஸ்புக் பதிந்தேன். பணம் நிஜம். துறையின் பெயரும் நிஜம்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். சமையலறையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "வந்துருச்சா?" என்றார்.

"என்ன பணம்?" என்று கேட்கவில்லை. "எவ்வளவு?" என்றும் கேட்கவில்லை. என் கணவர் தனசேகரன் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். ஒரு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எங்கள் இருவருக்கும் ரிட்டர்ன் தாக்கல் செய்வதும் அவர்தான், அவருக்குத் தெரிந்த ஆடிட்டர் வழியாக. ஜூலையில் ஒருநாள் என்னிடம் ஓடிபி கேட்டார். குக்கர் விசிலுக்கு நடுவே ஆறு எண்ணையும் சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. அது என் தப்பு.

ஆகஸ்ட் 22, வியாழன்

"இந்தப் பணத்தை என்ன பண்ணலாம்?" என்றேன்.

"உம்பட பணம். நீயே முடிவு பண்ணு."

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இந்த வாக்கியத்தை இவர் வாயிலிருந்து கேட்டதில்லை. தீபாவளிக்கு எனக்குச் சேலை எடுக்கும்போதே மூன்று கடை விலை விசாரிக்கிற மனிதர்.

மகள் இதழினிக்குச் சைக்கிள் வேண்டுமாம். ஏழு வயதுக்கு இப்போது வைத்திருக்கிற சைக்கிளில் முழங்கால் இடிக்கிறது. வாஷிங் மெஷின் அடியில் தண்ணீர் ஒழுகுகிறது. ரமாமணி டீச்சர் தங்கக் காசு வாங்கச் சொல்கிறார். எல்லாருக்கும் யோசனை இருக்கிறது. எனக்குத்தான் அந்தப் பணத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

காலையில் இஸ்திரி போட்டேன். அவருடைய வெள்ளைச் சட்டைப் பையில், துவைத்தும் எழுத்து அழியாத ஒரு பில். ஆகஸ்ட் பத்தாம் தேதி, சங்ககிரியில் ஒரு துணிக்கடை. காட்டன் நைட்டி, எக்ஸ்எல், இரண்டு.

நான் மீடியம். எக்ஸ்எல் போடும் ஆள் இந்த வீட்டில் யாரும் இல்லை.

பத்தாம் தேதி இரண்டாவது சனிக்கிழமை. மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை மண்டி வசூலுக்கென்று சங்ககிரிப் பக்கம் போகிறார். அந்த நாளில் மட்டும் வெள்ளைச் சட்டை. பையில் ஒரு பாக்கெட் தேங்காய் பன் வாங்கிக்கொண்டு போவதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். வசூலுக்குப் போகிறவர் எதற்கு பன் கொண்டு போகிறார்?

பில்லை மடித்து அதே பையில் வைத்தேன். சட்டையை மறுபடி இஸ்திரி போட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஆசிரியர் அறையில் இன்று வேறு பேச்சு. வேறு ஏதோ மாவட்டத்தில் ஒரு ஏஜென்ட், இல்லாத வாடகை, இல்லாத நன்கொடை, இல்லாத நோயாளி எல்லாம் காட்டி அரசு ஊழியர்களுக்கு ரீஃபண்டு வாங்கிக் கொடுத்தானாம். இப்போது ஆளாளுக்கு நோட்டீஸ் வருகிறதாம். "வட்டி, அபராதம், சர்வீஸ் புக்குல வேற ஏறும்" என்றார் ரமாமணி டீச்சர், முறுக்கைக் கடித்துக்கொண்டே.

என் பெயரில் என்ன பொய் எழுதியிருக்கிறார்கள்?

எண்ணிப் பார்த்தேன். அவர் எனக்குத் தெரியாமல் பணம் சம்பாதிக்கிறார், எங்கோ எக்ஸ்எல் அளவில் ஒருத்தி இருக்கிறாள், நான் கையெழுத்துப் போடுகிறேன். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும் என்ற விதியை மீறிவிட்டேன். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 29, வியாழன்

அரை நாள் லீவு போட்டு ஆடிட்டர் ஆபீசுக்குப் போனேன். ஆடிட்டர் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் என் பான் நம்பரை வாங்கி, ரிட்டர்னைத் திறந்தாள்.

"எல்லாம் கரெக்ட்டாத்தானுங்க மேடம் இருக்கு. எண்பது டிடியில ஒன்னே கால் லட்சம் கழிச்சிருக்கோம். அதுக்குத்தான் ரீஃபண்டு."

"எண்பது டிடின்னா?"

"நம்மள நம்பி இருக்கற மாற்றுத்திறனாளிக்குச் செலவு பண்றதுங்க. உங்களுக்குச் சகோதரின்னு போட்டிருக்கு. அடையாள அட்டை நம்பர், டாக்டர் சர்டிபிகேட் எல்லாம் இருக்குதுங்க. ஹோம்ல கட்டுன ரசீதுகூட உங்க பேர்லதானுங்க."

பிறகு ஒரு பெயரைப் படித்தாள்.

எனக்குச் சகோதரி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தலைவலி.

ஆகஸ்ட் 30, வெள்ளி

துணி துவைத்தேன். வேறு எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஆடிட்டரின் கற்பனையாக இருக்கும் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டேன். கற்பனைக்கு வசுமதி என்ற பெயர் எப்படித் தெரியும்?

எழுதிவிடுகிறேன். இந்த டைரியை யாரும் படிப்பதில்லை.

வசுமதி என்னைவிட மூன்று வயது மூத்தவள். பிரசவத்தில் மூச்சுத் திணறியதால் மூளை அடிபட்டது என்று அப்பா சொல்வார். நடப்பாள், கொஞ்சம் பேசுவாள், அவ்வளவுதான். எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் அப்பா அவளை ஒரு விடுதியில் விட்டார். கல்யாணப் பத்திரிகையில் நான் ஏக புத்திரி. பெண் பார்க்க வந்த அன்று வீட்டுச் சுவரிலிருந்து ஒரு போட்டோவை இறக்கினார்கள். இறக்கியது நான்தான். ஸ்டூல் மேல் ஏறி.

அப்பாதான் சொன்னார், அம்மாவும் தலையாட்டினாள். "குடும்பத்துல அப்படி ஒன்னு இருக்குன்னா எவன் கட்டுவான்?" நான் ஒன்றும் சொல்லவில்லை. பி.எட். முடித்து வேலையில் இருந்தேன். எனக்கு இருபத்தொன்பது வயது, பால் குடிக்கும் குழந்தை இல்லை.

அப்பா போய், மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மாவும் போன பிறகு, அந்த விடுதி தர்ம ஸ்தாபனம், பணம் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்டு உறுதி செய்யவில்லை.

இப்போது கேள்வி அதல்ல. இவருக்கு யார் சொன்னது?

செப்டம்பர் 2, திங்கள்

காங்கேயத்தில் இருக்கும் பெரிய மாமாவுக்குப் போன் செய்தேன். எங்கள் கல்யாணத்தை முடித்து வைத்தவர். சுற்றி வளைக்காமல் கேட்டேன், என் கணவரிடம் ஏதாவது உளறினீர்களா என்று.

"நான் எதுக்குச் சொல்றேன்? மாப்பிள்ள வீட்டுல பொய் சொன்னவனே நாந்தானே!" என்று கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் புள்ள உசுரோட இருக்குதா கோகிலா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். பொய் இல்லை. போன வியாழன் வரைக்கும் எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். ஏழு பேனா, மூன்று ரோஜா.

பணத்தைச் செலவழித்துத் தீர்த்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்று தோன்றியது. வாஷிங் மெஷின் வாங்கிவிடலாம் என்றேன். பன்னீர்செல்வம் பார்க் பக்கம் கடையில் தள்ளுபடி போட்டிருக்கிறார்கள்.

"வேண்டாம். கொஞ்சம் பொறு" என்றார்.

"எம்பட பணம்னீங்க?"

"உன்றதுதான். இந்த மாசம் மட்டும் பொறு."

அப்படியானால் இவர் எதற்கோ காத்திருக்கிறார். என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நான் சாப்பிடும்போது, தலை பின்னும்போது, ஏதோ சொல்லப் போகிறேன் என்பதுபோல. இதை வைத்து என்னிடம் என்ன கேட்கப் போகிறார்? என் அம்மா வீட்டு இடம் இன்னும் என் பெயரில் இருக்கிறது. அதையா? அல்லது ஏமாற்றிக் கட்டி வைத்தீர்கள் என்று ஒருநாள் உறவினரைக் கூட்டி உட்கார வைக்கப் போகிறாரா? தெரிந்தும் சொல்லாமல் இருப்பவரை எப்படி நம்புவது? நானும் அதைத்தான் செய்கிறேன் என்பது வேறு விஷயம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

இதழினி பக்கத்து வீட்டில் பிள்ளையாருக்கு வைத்த கொழுக்கட்டையைத் தீர்க்கப் போயிருந்தாள். மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். சகோதரி என்ற வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. வேறு பக்கமாகப் போனேன்.

"ஏனுங்க, சங்ககிரியில யாருக்கு நைட்டி எடுத்தீங்க?"

ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டார். கிளிப் மாட்டினார். பிறகுதான் திரும்பினார்.

"வசு அக்காவுக்கு."

அவ்வளவு சாதாரணமாக. அந்தப் பெயரைத் தினமும் சொல்கிறவர்போல. நான் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தன நாளாத் தெரியும்?"

"உங்கம்மா போனதுல இருந்து மூணு வருசமா நான்தான் போய்ட்டு வரேன். ஹோமுக்கு மாசம் மூவாயிரம். மண்டியில ஓவர்டைம் பாக்கற காசு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"சொல்லாம கொள்ளாம வரிக் கணக்குல கொண்டுபோய்ப் போட்டீங்க. எம்பேர்ல!"

"உம்பேர்லதான் போட முடியும். உனக்குத்தான் அக்கா. எனக்குப் போட்டா செல்லாது." கொஞ்சம் தயங்கி, "இத்தன வருசம் ரசீது சும்மா கெடந்துச்சு. வரியாவது மிச்சமாகட்டுமேன்னும் நெனச்சேன்" என்றார். கணக்கர் புத்தி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்க வேண்டும்போலவும் வந்தது.

பிறகு விஷயத்தைச் சொன்னார். வசுவுக்குக் கடைவாய்ப் பற்கள் நான்கு அழுகிவிட்டன. மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. வாயில் கை வைக்க விடமாட்டாள், முழு மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டாயிரம் ஆகும் என்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், ரத்த சொந்தம் ஒருவர் வந்து கையெழுத்துப் போடாமல் மயக்க மருந்து கொடுக்கமாட்டார்கள்.

"எங்கையெழுத்துச் செல்லாதுன்னுட்டாங்க. உங்கிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு எனக்குத் தெரியல. ரீஃபண்டு வந்தா உனக்கு மெசேஜ் வரும், என்னான்னு நீ கேப்பே, அப்பச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீ என்னடான்னா வாஷிங் மெஷின்ங்கற."

இருபது நாள். இருபது நாளாக அவள் வாய் வலியோடு இருந்திருக்கிறாள், நான் இவர் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

செப்டம்பர் 14, சனி

இதழினியை ரமாமணி டீச்சர் வீட்டில் விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸில் போனோம். சங்ககிரியில் இறங்கி, இன்னொரு பஸ். வழியில் அவர் தேங்காய் பன் வாங்கினார். "பல்லு வலியில அக்கா கடிக்காது. ஆனா வாங்காமப் போனா பேசாது" என்றார்.

விடுதி வாசலில் வார்டன் எஸ்தர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் தங்கச்சியா?" என்று மட்டும் கேட்டார். பார்வையாளர் பதிவேட்டை நீட்டினார். கையெழுத்துப் போடுவதற்குப் பதிலாக நான் பின்னால் புரட்டினேன். ஒவ்வொரு மாதமும் இவர் கையெழுத்து. மூன்று வருடத்துக்கு முந்திய பக்கங்களிலும் அது நிற்கவில்லை. அங்கே மேலே என் அம்மாவின் கையெழுத்து, எறும்பு ஊர்ந்ததுபோல. அதற்குக் கீழே இவருடையது. மாதாமாதம், ஜோடியாக. பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். இவருடைய முதல் கையெழுத்து ஏழு வருடத்துக்கு முன், இதழினி பிறந்த பத்தாம் நாள்.

"மூணு வருசம்னீங்களே?"

வராண்டா தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தனியாப் போறது மூணு வருசம்."

"அதுக்கு முன்னால?"

"நீ ஆஸ்பத்திரியில குழந்தை கண்ணு முன்னால வெரலை ஆட்டி ஆட்டிப் பாத்துட்டே இருந்தே. கை தட்டித் திரும்புதான்னு பாத்தே. ராப்பகலா அதேதான். என்னமோ மறைக்கறீங்கன்னு எனக்குத் தோணுச்சு. உங்கம்மாவத் தனியாக் கூப்புட்டுக் கேட்டேன். அழுதுட்டுச் சொல்லிட்டாங்க. நம்பல. நேர்ல பாக்கோணும்னு இங்க வந்தேன். நம்ம புள்ளைக்கும் அப்படி ஆகுமான்னு இங்க வர்ற டாக்டர்கிட்டக் கேக்கத்தான் வந்தேன், கோகிலா. வேற எதுக்கும் இல்ல."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"பரம்பரை இல்லைன்னாரு."

"அப்பவே நின்னிருக்கலாமே?"

"கெளம்பறப்ப, அடுத்த மாசம் வருவியான்னு அக்கா கேட்டுச்சு. சரின்னுட்டேன்."

பதிவேட்டில் உறவு என்ற கட்டத்தில் தங்கை என்று எழுதினேன். பேனா ஒரு தடவை எழுதவில்லை, உதறி எழுதினேன்.

வசு பின்கட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நீலப் பூப்போட்ட நைட்டி. தலையில் பாதி நரை. இடது கன்னம் வீங்கியிருந்தது. அவரைப் பார்த்ததும் கையை நீட்டினாள். பன்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்பாவைப்போலவே புருவத்தைச் சுருக்கி.

"இது யாரு?" என்று அவரைக் கேட்டாள்.

பதிலை அவர் எனக்காக விட்டுவிட்டார்.

"நான் கோகி" என்றேன். என்னை அப்படிக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

நீண்ட நேரம் பார்த்தாள். பன்னை நைட்டிக்குள் மறைத்தாள்.

"கோகி சின்னப் புள்ள" என்றாள். "இது பொய் சொல்லுது."

செப்டம்பர் 28, சனி

காலாண்டுத் தேர்வு நேற்றோடு முடிந்தது. வசுவுக்கு இன்று காலையில் பல் எடுத்தார்கள்.

சம்மதப் படிவத்தில் ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பணத்தை நானே கவுன்டரில் கட்டினேன். மீதியில் இதழினிக்குச் சைக்கிள் வராது. அவளிடம் நேற்றே சொல்லிவிட்டேன், பெரியம்மா ஒருத்தர் இருக்கிறார், அவருக்குப் பல் வலி, பணம் அதற்குப் போகிறது என்று. "இத்தன நாளா ஏம்மா சொல்லல?" என்றாள். "பயம்" என்றேன். "பெரியம்மாகிட்டயா?" என்றாள். இல்லை என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்பாள்.

மயக்கம் தெளிய மதியம் ஆனது. வாயில் பஞ்சு வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் உருட்டினாள். அவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நர்ஸ் என்னிடம், "டீச்சர், பேஷன்ட் பக்கத்துலயே இருங்க" என்று சொன்னதிலிருந்து வசுவுக்கு நான் டீச்சர் ஆகிவிட்டேன். கோகி இல்லை, டீச்சர். டீச்சர் என்றால் அவளுக்குச் சந்தேகம் கொஞ்சம் குறைகிறது. முகம் துடைக்க விட்டாள்.

நான்கு மணிக்கு ஐஸ்கிரீம் கொடுக்கலாம் என்றார்கள். ஒரு கப் வனிலா வாங்கி வந்தேன். மரக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள், பிறகுதான் வாயைத் திறந்தாள். கப்பில் பாதி ஆனதும் என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள்.

"போதுமா?"

"பாதி கோகிக்கு" என்றாள். வாய் வீங்கியிருந்ததால் சொல் குழறியது, ஆனால் தெளிவாகத்தான் சொன்னாள். கப்பைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"டீச்சர், நீ திங்காத."

"திங்கமாட்டேன்" என்றேன்.

அப்படியும் நம்பவில்லை. அது உருகி முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.